இரவு ஆட்டங்களைப் படம் எடுப்பது எப்படி?

நம் சங்கத்துக் குடும்பங்களில் பள்ளி அணிகளில் ஆடும் பிள்ளைகள் இப்போது கணிசமாக இருக்கிறார்கள். கால்பந்து, கபடி, வாலிபால் என்று ஆளுக்கு ஒன்று. பகலில் வகுப்பும் டியூஷனும் போக, முக்கியமான ஆட்டங்கள் பல விளக்கு வெளிச்சத்தில்தான் நடக்கின்றன. தமிழ்நாட்டில் 'மின்னொளி கபடி' என்று சுவரொட்டி ஒட்டுவது போல இங்கே கன்னடத்தில் 'ஹொனலு பெளகின' கபடி என்று ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மறுநாள் பெற்றோர் கைபேசியை என்னிடம் நீட்டுவார்கள். "சார், கோல் போட்டது எம்பொண்ணுதான். ஆனா மூஞ்சியே தெரியலை பாருங்க" என்றார் ஓர் அம்மாள். படத்தில் ஒரு மஞ்சள் தீற்றல். அதன் கீழே இரண்டு காலணிகள். அந்தப் பெண் அடுத்த ஆண்டு எஸ்.எஸ்.எல்.சி. இனி ஆட்டம் கிடையாது, புத்தகம்தான் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. அப்படியென்றால் அந்தக் கோலை இன்னொரு முறை படம் எடுக்க வழியில்லை.

ரயில்வேயில் மின்பிரிவில் யார்டு விளக்குகளோடும் பிளாட்பாரம் விளக்குகளோடும் காலம் கழித்தவன் நான். காமிராப் பைத்தியமும் உண்டு. இரண்டும் சேர்ந்து எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் வெளிச்சத்தின் கணக்கு. வெளிச்சத்தை 'லக்ஸ்' என்ற அலகால் அளக்கிறோம். உச்சி வெயிலில் மைதானத்தில் சுமார் 1,00,000 லக்ஸ் இருக்கும். விளக்கு போட்ட கால்பந்து மைதானத்துக்கு ஐரோப்பியத் தரநிர்ணயம் கேட்பது, பள்ளி, பயிற்சி நிலைக்கு 75 லக்ஸ், அதற்கு மேல் 200, பெரிய போட்டிகளுக்கு 500. நம் பள்ளி மைதானத்தில் நாலு மூலையில் நாலு கம்பம் இருந்தால் 100 லக்ஸ் கிடைப்பதே பெரிது. அதாவது வெயிலில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் கண்மணி விரிந்து, மூளையும் சரிக்கட்டிக்கொள்வதால் 'நல்ல வெளிச்சமாகத்தானே இருக்கிறது' என்று தோன்றுகிறது. காமிராவுக்கு அந்தச் சலுகை இல்லை.

அடுத்தது வேகத்தின் கணக்கு. பதினைந்து வயதுப் பிள்ளை ஓடும்போது விநாடிக்கு 6 மீட்டர் போகலாம். காமிராவின் கதவு, அதாவது ஷட்டர், 1/60 விநாடி திறந்திருந்தால் அதற்குள் பிள்ளை 10 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். முகத்தின் அகலமே ஏறத்தாழ அவ்வளவுதான். பிறகு முகம் எப்படித் தெரியும்? 1/500 விநாடியானால் நகர்வு 1.2 சென்டிமீட்டர்தான், முகம் முகமாக இருக்கும். விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் உதைத்த பந்து அந்த 1/500 விநாடியிலும் 4 சென்டிமீட்டர் போகும். பந்து கொஞ்சம் நீள்வட்டமாகத் தெரிந்தால் குற்றமில்லை, வேகம் தெரியும்.

ஆகவே ஷட்டர் 1/500 என்பதை முதலில் நிர்ணயித்துக்கொண்டு, மற்றவற்றை அதற்கு இணங்க வைக்க வேண்டும். 100 லக்ஸ் வெளிச்சத்தில் எஃப் 2.8 லென்ஸ், ஐ.எஸ்.ஓ. 3200 என்று வைத்தால் கணக்குப்படி 1/160 விநாடிதான் கிடைக்கும். 1/500 வேண்டுமானால் ஐ.எஸ்.ஓ.வை 10,000 வரை ஏற்ற வேண்டும், அல்லது எஃப் 1.8 லென்ஸ் போட்டு 4000 அருகில் நிற்கலாம். படத்தில் புள்ளி புள்ளியாக மணல் தூவியது போல வருமே என்பீர்கள். வரட்டும். மணலை ஓரளவு கணினியில் குறைக்கலாம். இழுபட்ட முகத்தை மீட்க முடியாது. எண்பதுகளில் 400 வேகமுள்ள கோடாக் டிரை-எக்ஸ் சுருளைக் கூடுதல் நேரம் டெவலப் செய்து 1600 ஆக்கியபோது வந்த மணலை நாங்கள் அழகு என்றே சொல்லிக்கொண்டோம். இன்றைய சாதாரணக் காமிராவில் 6400 வைத்தாலும் அதைவிடச் சுத்தமாக இருக்கிறது. எண்ணூறு ரூபாய் டிரைபாடை விற்றுவிட்டு, 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸ் ஒன்று வாங்குங்கள். இந்த வேலைக்கு விலைக்கேற்ற பயன் தருவது அதுதான்.

கைபேசியின் 'நைட் மோடு' ஓடும் பிள்ளைக்கு ஆகாது. அது பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வெளிச்சம் சேர்க்கிறது. கோபுரத்துக்கு அது பொருந்தும், கோபுரம் நகராது. மைதானத்தில் அதை அணைத்துவிட்டு, 'புரோ' என்ற அமைப்பு இருந்தால் ஷட்டர் 1/250, ஐ.எஸ்.ஓ. 1600 வைத்து, ஆட்டக்கோட்டுக்கு அருகில் போய் எடுங்கள். ஜூம் வேண்டாம்.

காமிராவைத் தானியங்கியில் விடுவதும் சரிப்படாது. சட்டத்துக்குள் பாதி கறுத்த வானம் இருப்பதால், காட்சி முழுதும் இருட்டு என்று அது முடிவு செய்து ஷட்டரை நீட்டிவிடும். வெள்ளைப் பனியன் வெளுத்துப் போகும். மைதானத்து விளக்கு மேகம் போல வந்து போவதில்லை. ஆட்டம் தொடங்குமுன் ஒரு பனியனைப் பார்த்து அளந்து, மூன்று அளவுகளையும் கையால் வைத்துவிட்டால் கடைசி விசில் வரை பெரும்பாலும் மாற்ற வேண்டியிராது.

இப்போது எனக்குப் பிடித்த பகுதி. ஒரே அளவில் அடுத்தடுத்து பத்துப் படம் எடுத்தாலும் சில வெளிச்சமாகவும் சில மங்கலாகவும், ஒன்று பச்சையாகவும் ஒன்று பழுப்பாகவும் வருவதைப் பலர் காமிராக் கோளாறு என்று எண்ணுகிறார்கள். கோளாறு காமிராவில் இல்லை. நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை உச்சம் தொடுவதால் மெட்டல் ஹாலைடு, சோடியம் ஆவி விளக்குகள் விநாடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. ஷட்டர் 1/100 விநாடி திறந்தால் ஒரு முழு ஏற்ற இறக்கம் கிடைக்கும். 1/500 திறந்தால் அதில் ஐந்தில் ஒரு துண்டுதான். அந்தத் துண்டு உச்சியா பள்ளமா என்பது அதிர்ஷ்டம். இதனால்தான் நல்ல மின் பொறியாளர் ஒரே கம்பத்து விளக்குகளை மூன்று பேஸ்களுக்கும் பிரித்துக் கொடுப்பார். ஒன்று தணியும்போது மற்றொன்று ஏறும். விளக்குக்கு ஒப்பந்தம் எடுப்பவர் ஒரே பேஸில் எல்லாவற்றையும் மாட்டிவிட்டுப் போனால் படம் எடுப்பவர்தான் அனுபவிக்க வேண்டும். கேனான் 2014இல் 7டி மார்க் 2 காமிராவில் இந்தத் துடிப்பை உணர்ந்து உச்சத்தில் மட்டும் ஷட்டரைத் திறக்கும் வசதியைக் கொண்டுவந்தது. இப்போது பல காமிராக்களில் இருக்கிறது. அந்த வசதி இல்லாதவர்கள் நாலைந்து படங்களாகத் தொடர்ந்து எடுத்து நல்லதை வைத்துக்கொள்ளலாம். மலிவான எல்.இ.டி. விளக்கும் துடிக்கும். ஓசையில்லாத மின்னணு ஷட்டரில் அது படத்தில் பட்டை பட்டையாக விழும் என்பதால் பழைய 'க்ளிக்' ஷட்டரே மேல்.

பிளாஷ் வேண்டாமா? வேண்டாம். தூரம் இரட்டித்தால் அதன் ஒளி நாலில் ஒன்றாகிவிடும். காமிராவோடு வரும் சிறு பிளாஷ் ஐந்தாறு மீட்டரில் தளர்ந்துவிடும். அதைவிட முக்கியம், பந்தைப் பிடிக்கப் பாயும் கோல்கீப்பரின் கண்ணில் அது அடித்தால் என்ன ஆகும் என்பது.

உட்காரும் இடம் பாதி வெற்றி. கம்பம் முதுகுப்புறம் இருக்கட்டும். மைதானத்தை ஒருமுறை சுற்றி வந்து எந்த இடம் வெளிச்சம், எது குழி என்று பார்த்துக்கொள்ளுங்கள். கோல் கம்பத்துக்குப் பக்கவாட்டில் மண்டியிட்டால் பிள்ளைகள் உங்களை நோக்கி ஓடி வருவார்கள். குறுக்கே ஓடுவதைவிட நேரே வருவதில் இழுபடல் மிகக் குறைவு. நம்மை நோக்கி வரும் ரயில் அசையாதது போலவும், பக்கத்தில் போகும் ரயில் பறப்பது போலவும் தோன்றுவதில்லையா? தலையால் முட்ட எழும்பும் பிள்ளை உச்சத்தில் ஒரு கணம் மேலேயும் போவதில்லை, கீழேயும் வருவதில்லை. கபடியில் ரெய்டு போனவர் கோட்டருகே தயங்கும் நொடியும் அப்படியே. அந்தக் கணத்துக்கு 1/250 கூடப் போதும்.

மின்விளக்கில் கால்பந்து ஆடுவது புதிதல்ல. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் பிரமால் லேன் மைதானத்தில் 1878 அக்டோபர் 14 அன்று ஆர்க் விளக்குகளின் கீழ் ஓர் ஆட்டம் நடந்தது. அமெரிக்காவில் அவர்கள் பாணிக் கால்பந்தை 1892இல் பென்சில்வேனியாவின் மான்ஸ்பீல்டில் இரவில் ஆடிப் பார்த்தார்கள்; வெளிச்சம் போதாமல் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. இன்று அங்கே உயர்நிலைப் பள்ளி ஆட்டம் என்றாலே வெள்ளிக்கிழமை இரவுதான். நமக்குக் கிட்டத்தில் பார்க்க வேண்டுமானால் மலப்புறம் பக்கம் போகலாம். ஏழு பேர் ஆடும் 'செவன்ஸ்' கால்பந்து, தற்காலிகக் காலரி, ராத்திரி விளக்கு, ஊரே திரண்டிருக்கும். மைதானம் சிறியதால் 50 மில்லிமீட்டர் லென்ஸ் போதும். பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 மணிக்கு மூடிவிடும், காலை 6 வரை திறக்காது. அங்கேயே தங்க ஏற்பாடு செய்துகொண்டு போங்கள்.

பயிற்சிக்கு மைசூரிலேயே ஆண்டுக்கொரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. விஜயதசமி அன்று ஜம்பு சவாரி பன்னிமண்டபத்தில் முடிந்ததும் இரவு அங்கே நடக்கும் தீப்பந்த அணிவகுப்பு. குதிரைப்படை, மோட்டார் சைக்கிள் சாகசம், கடைசியில் பந்தங்களோடு அணிவகுக்கும் காவலர்கள். குதிரைக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் மேலே சொன்ன 1/500 கணக்கு. பந்தங்களுக்கு நேர்மாறு. தீயை 1/500இல் நிறுத்தினால் அது கிழிந்த துணி போலத் தெரியும்; 1/30 அல்லது 1/60 வைத்தால்தான் நாக்கு நீண்டு தீயாகத் தெரியும். பந்தங்கள் சேர்ந்து எழுத்துகளாகும்போது காலரியின் உயரத்தில் காமிராவை அசையாமல் ஊன்றி ஒரு விநாடி திறந்தாலும் தகும் (டிரைபாடை இதற்குள் விற்றிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்). தீயின் நிறம் சுமார் 1900 கெல்வின், எல்.இ.டி. விளக்கு 5000க்கு மேல். இரண்டும் ஒரே படத்தில் வருவதால் நிறத்தைக் காமிராவிடம் விடாமல் 'ரா' கோப்பாக எடுத்து வீட்டில் சரிசெய்வது நல்லது. தசரா சமயத்தில் மழை வரும். ஒரு பிளாஸ்டிக் பை, இரண்டு ரப்பர் பேண்டு சட்டைப்பையில் இருக்கட்டும்.

இன்னொன்று. பள்ளிப் பிள்ளைகளின் படங்களை, குறிப்பாக மற்ற வீட்டுப் பெண்பிள்ளைகளின் படங்களை, பெற்றோரைக் கேட்காமல் வாட்ஸப்பில் சுற்ற விடாதீர்கள். நல்லதாக நாலு தேர்ந்தெடுத்து, ஸ்டூடியோவில் காகிதத்தில் அச்சிட்டு, அணித்தலைவர் கையில் கொடுங்கள். பின்புறத்தில் தேதியும் எதிரணியின் பெயரும் பென்சிலால் எழுதிவிடுங்கள்.