சிபாரிசு இல்லாத வீட்டுப் பிள்ளைகள்

மன்னர் கல்லூரியில் பி.காம். படிக்கும் நம் பிள்ளைகளுக்கு, கம்பெனியில் பயிற்சிக்குச் சேர்த்துவிட மாமாவோ சித்தப்பாவோ இல்லை. விண்ணப்பம்தான் ஒரே வழி. 2024 அக்டோபரில் தொடங்கிய பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் 21 முதல் 24 வயதுள்ளோரை 12 மாதப் பயிற்சிக்கு அழைத்தது. முழுநேர மாணவர்களுக்கு இடமில்லை; படிப்பை முடித்தவர்களும் தொலைநிலைக் கல்வியில் இருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம் என்றது. அப்போது உதவித்தொகை மாதம் 5,000 ரூபாயாக இருந்தது.

புதுக்கோட்டையிலிருந்து சென்னைப் பக்கம் போகும் பிள்ளைக்கு வாடகையும் சாப்பாடும் அதற்குள் அடங்குமா? என்ன சாதி என்று விசாரித்த பிறகே அறை தருவோரும் இருக்கிறார்கள். பயிற்சி முடியும்வரை ஆதிதிராவிடர் நலத் துறை விடுதிகளில் தங்க இடம் கொடுங்கள் என்று அரசிடம் கேட்கிறோம்.

பிள்ளைகளே, சுற்றுக்குச் சுற்று விதி மாறலாம், அறிவிப்பைப் படியுங்கள். ஆதார் இணைத்த வங்கிக் கணக்கையும் சான்றிதழ்களையும் இப்போதே தயாராக வையுங்கள்.