பெயர் சொல்லி நினைப்போம்: புகைப்படக் கலைஞர்களுக்கு ஓர் அழைப்பு



கொடுமுடிக்கு வந்திருப்பவர்கள் காவிரிக் கரையைப் பார்த்திருப்பீர்கள். ஆடி அமாவாசையன்று முன்னோரை நினைத்து அங்கே கூடுகிற மக்கள் ஏராளம். நம்முடைய சபைகள் பலவற்றிலும் நவம்பர் 2ஆம் தேதி கல்லறைத் தோட்டத்துக்குச் சென்று, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம். மரித்தோரை நினைப்பது எல்லா மக்களுக்கும் பொதுவான கடமை. ஆனால் யாரும் நினைக்கத் துணியாதவர்களும் இந்த ஆற்றின் இரு கரைகளிலும் உண்டு. எய்ட்ஸ் நோயால் மரித்தவர்களைத்தான் சொல்லுகிறோம்.

நம் நாட்டில் இந்த நோய்க் கிருமி முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986ஆம் ஆண்டில், நம் தமிழ்நாட்டில்தான். சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் சுனிதி சாலமன் அவர்களின் வழிகாட்டுதலில் டாக்டர் நிர்மலா அவர்கள் சேகரித்த இரத்த மாதிரிகள், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பரிசோதிக்கப்பட்டன. பின்வந்த ஆண்டுகளில், கொடுமுடிக்கு அக்கரையிலுள்ள நாமக்கல் மாவட்டம் நாட்டிலேயே மிக அதிகமாய்ப் பாதிக்கப்பட்ட பகுதிகளில் ஒன்றாயிற்று. லாரித் தொழிலை நம்பி வாழும் ஊர்கள் அவை. மாதக்கணக்கில் வீட்டைவிட்டு ஓடிய ஓட்டுநர்களும் கிளீனர்களும், ஒன்றும் அறியாமல் வீட்டில் காத்திருந்த மனைவிமாரும், தாயிடமிருந்தே கிருமியைப் பெற்ற குழந்தைகளும் மரித்தார்கள். 2004ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் தேதி அரசு இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சையைத் தொடங்கியது. இன்று மருந்தை ஒழுங்காய் உட்கொள்ளுகிறவர்கள் நெடுநாள் நலமாய் வாழ்கிறார்கள். அந்த மருந்து வருமுன் போனவர்களைப் பற்றியோ இன்னும் பல வீடுகளில் பேச்சே இல்லை.

மூன்றடிக்கு ஆறடி

இப்படி மறைக்கப்பட்டவர்களை உலகத்துக்கு முன் பெயர் சொல்லி நினைத்த ஒரு பணி அமெரிக்காவில் நடந்தது. 1985ஆம் ஆண்டு நவம்பரில் சான்பிரான்சிஸ்கோ நகரில் ஓர் ஊர்வலம் நடந்தது. எய்ட்ஸ் நோயால் மரித்த தங்கள் நண்பர்களின் பெயர்களை மக்கள் அட்டைகளில் எழுதி, ஓர் அரசுக் கட்டடத்தின் சுவரில் ஒட்டினார்கள். அந்தச் சுவரைப் பார்த்த கிளீவ் ஜோன்ஸ் என்பவருக்கு, துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைக்கும் போர்வை நினைவுக்கு வந்தது. எய்ட்ஸ் நினைவுப் போர்வை பிறந்த விதம் இதுவே.

மரித்த ஒருவருக்கு ஒரு துணி. அதன் அளவு மூன்றடிக்கு ஆறடி, ஏறக்குறைய ஒரு கல்லறையின் அளவு. தாய், சகோதரி, நண்பர் என யாரும் அதைத் தைக்கலாம். அவர் உடுத்திய சட்டை, எழுதிய கடிதம், புகைப்படம் எதையும் அதில் சேர்க்கலாம். எட்டுத் துணிகளை இணைத்துப் பன்னிரண்டடிச் சதுரமாக்குவார்கள். 1987ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் தேதி வாஷிங்டன் நகரில் முதன்முறையாக விரித்தபோது 1,920 துணிகள் இருந்தன. இன்று சுமார் 50,000 துணிகள். எடை 54 டன். துணிகளோடு வந்த கடிதங்களும் படங்களும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பாதுகாப்பில் உள்ளன. போர்வை முழுவதையும் படமெடுத்தும் வைத்திருக்கிறார்கள்.

யோசுவாவின் நாட்களில் யோர்தானைக் கடந்த ஜனங்கள், கோத்திரத்துக்கு ஒருவராகப் பன்னிரண்டு கற்களை ஆற்றின் நடுவிலிருந்து சுமந்து வந்து நினைவுச் சின்னம் நாட்டினதை நாம் அறிவோம். ஒரே மனிதன் பன்னிரண்டையும் சுமக்கவில்லை. இந்தப் போர்வையும் அப்படியே பலர் கைகளால் ஆனது.

புகைப்படக் கலைஞர் செய்யக்கூடியது

நம் பகுதியில் துணிக்குப் பஞ்சமில்லை. சென்னிமலையில் போர்வை நெய்கிறார்கள்; ஈரோட்டிலும் திருப்பூரிலும் துணியில் படம் அச்சிடுகிறார்கள். தைக்கத் தெரிந்த சகோதரிகள் ஒவ்வொரு சபையிலும் உண்டு. குறைவாய் இருப்பது முகங்களே. பிரேதம் எடுக்குமுன் ஸ்டுடியோக்காரரை அழைத்து, உறவினர் சூழப் படம் எடுப்பது நம் ஊர் வழக்கம். பயந்து அவசரமாய் அடக்கம் செய்த வீடுகளில் அதுவும் நடந்திராது. மிஞ்சியிருப்பது ஓட்டுநர் உரிமத்தில் உள்ள சிறு படமாகவோ, கலியாண ஆல்பத்தின் ஓரத்தில் நிற்கும் உருவமாகவோ இருக்கலாம். அந்த நாட்களின் வண்ணப் படங்கள் வெப்பத்தாலும் ஈரத்தாலும் நிறமிழந்து வருகின்றன.

ஆகவே ஸ்டுடியோ நடத்துகிற சகோதரரே, காமிரா வைத்திருக்கிற வாலிபரே, உங்களால் ஆவது மூன்று. முதலாவது, பழைய படங்களுக்கு நகல் எடுத்து, பெரிதாக்கி, துணியில் அச்சிடத் தகுந்ததாய்ச் செய்து கொடுங்கள். பிரேம் கண்ணாடியில் ஒட்டிப்போன படத்தைப் பிய்க்க வேண்டாம். ஃபிளாஷ் இல்லாமல், நிழலான வெளிச்சத்தில், கண்ணாடியோடு சேர்த்தே நேர் எதிரே நின்று எடுங்கள். இரண்டாவது, உங்கள் கடையிலுள்ள பழைய நெகட்டிவ்களைக் கழித்துப் போடுமுன் ஒருமுறை தேடிப் பாருங்கள். மூன்றாவது, முகமே கிடைக்காதபோது, அவர் விட்டுச் சென்ற பொருட்களைப் படமெடுங்கள். லாரிச் சாவி, தோள் துண்டு, கணக்கெழுதிய சிறு நோட்டு ஆகியவையும் ஒரு மனிதனை நினைப்பூட்டும்.

ஆனால் எல்லாவற்றுக்கும் முன் வீட்டாரின் சம்மதம் வேண்டும். தகப்பன் எதனால் மரித்தார் என்று பிள்ளைக்கே சொல்லப்படாமல் இருக்கலாம். மனைவி அதே நோய்க்கு மருந்து உட்கொண்டுவரலாம். 2017ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டம், சம்மதமின்றி ஒருவரின் நோய் நிலையை வெளிப்படுத்துவதைத் தடை செய்கிறது. எங்கே, எத்தனை நாள், யார் பார்க்க வைக்கப்படும் என்பதைப் பொறுமையாய்ச் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் வற்புறுத்தாதிருங்கள். அமெரிக்கப் போர்வையிலும் முழுப் பெயர் இல்லாத துணிகள் உண்டு. நாமும் நோயின் பெயரை எழுதாமல், எங்கள் அப்பா என்று மட்டும் எழுதலாம்.

ஒவ்வொரு ஆண்டும் டிசம்பர் 1ஆம் தேதி உலக எய்ட்ஸ் தினம். அந்த நாளில் உங்கள் ஆலய மண்டபத்தில் ஒரே ஒரு துணி விரிக்கப்பட்டாலும் போதும். தன் மகனின் பெயரை இருபது ஆண்டுகளாய் உரக்கச் சொல்லாத ஒரு தாய், அதன்முன் நின்று அவன் பெயரைச் சொல்லக்கூடும்.

இதை ஜெபத்தோடு சிந்தியுங்கள். காமிரா இல்லாதவர்கள், உங்களுக்குத் தெரிந்த ஸ்டுடியோக்காரரிடம் இக்கட்டுரையைக் கொடுங்கள்.