பூச்சி போட்டோவில் தெளிவா விழணுமா?



உங்க வீட்டுச் செம்பருத்திச் செடியைக் கிட்டப் போய்ப் பாருங்க. கிளை நுனியில பஞ்சு ஒட்டின மாதிரி வெள்ளையா இருந்தா, அது பெரும்பாலும் மாவுப்பூச்சி. செடியின் சாற்றை உறிஞ்சும் எதிரி. அதே பஞ்சுக்கு நடுவில் இன்னொரு வெள்ளை உருவமும் ஊர்ந்துகொண்டிருக்கலாம். அது கிரிப்டோலீமஸ் என்ற பொறிவண்டின் புழு. அதன் சாப்பாடே மாவுப்பூச்சிதான்! இந்த வண்டின் தாய்நாடு ஆஸ்திரேலியா. காப்பித் தோட்டத்துச் செதில்பூச்சிகளைத் தின்பதற்காக 1898-இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள்.

எது எதுன்னு தெரியாம மருந்து அடிச்சா, நண்பனும் சேர்ந்து செத்துப்போகும். மங்கலான போட்டோவில் ரெண்டுமே வெள்ளைப் புள்ளிதான். தெளிவான போட்டோவில் வித்தியாசம் தெரியும். மாவுப்பூச்சி 3, 4 மி.மீ. நீளம், முட்டை வடிவம், மேலே மாவு தூவின மாதிரி இருக்கும். புழு அதைவிடப் பெரிசா வளரும். அதன் மேல் மெழுகு இழைகள் சடை சடையாத் தொங்கும்.

ஏன் மங்குது?

உங்க விரலை மூக்கு நுனிக்குக் கொண்டுவந்து பாருங்க. கலங்கித் தெரியுதா? செல்போன் லென்சும் அப்படித்தான். ஒரு அளவுக்கு மேல் கிட்டப் போனால் அதுக்குப் பார்வை நிக்காது. இன்னொரு காரணமும் உண்டு. கிட்டப் போகப் போக, கூர்மையா விழுகிற பகுதி மெலிஞ்சுக்கிட்டே போகும். பெரிய கேமராவில் பூச்சியை அதன் நிஜ அளவுக்கே எடுத்தால், அந்தப் பகுதி சுமார் 1 மி.மீ. கனம்தான் இருக்கும். தலை தெளிந்தால் வால் மங்கும்!

என்ன செய்யலாம்?

1. படம் கலங்கினால் போனைக் கொஞ்சம் பின்னால் இழுங்க. தெளிவா எடுத்துட்டு, பிறகு வேண்டிய இடத்தை மட்டும் வெட்டிக்கலாம்.

2. பூச்சியின் முதுகுக்கு நேரே போனைத் தட்டையாப் பிடிங்க. உடம்பு முழுக்க ஒரே தூரத்தில் இருந்தால் முழுசும் தெளியும். பக்கவாட்டில் எடுத்தால் கண்ணைக் குறி வைங்க.

3. திரையில் பூச்சி மேல் விரலை அழுத்திப் பிடித்தால் பல போன்களில் ஃபோகஸ் பூட்டிக்கொள்ளும். அப்புறம் போனை நூலளவு முன்னும் பின்னும் நகர்த்தி, பத்துப் படம் எடுங்க. ஒண்ணாவது தேறும்.

4. காலையிலேயே எடுங்க. வெயில் ஏறினால் பூச்சிக்குச் சுறுசுறுப்பு வந்துடும். பிறகு நம்ம ஊருக்குக் கடற்காத்தும் வந்துடும், கிளை ஆடும். ஒரு குச்சி நட்டுக் கிளையை அதில் கட்டிவிடலாம்.

5. இன்னும் பெரிசா வேணுமா? லென்சுக்கு முன்னால் ஒரு பூதக்கண்ணாடியை ஒட்டிப் பிடிங்க. '10 மடங்கு' கண்ணாடின்னா பூச்சியிலிருந்து சுமார் 2.5 செ.மீ. தூரத்தில் தெளியும்.

6. பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்தும் ஒரு படம் எடுங்க. அளவு தெரிஞ்சா அடையாளம் காண்பது சுலபம்.

அப்பவும் சந்தேகமா? அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்க. நம்ம காரைக்கால் மாவட்டத்திலேயே, செருமாவிலங்கையில் பண்டித ஜவஹர்லால் நேரு வேளாண் கல்லூரி இருக்கு. பூச்சிகளைப் பற்றிப் படித்தவங்க அங்கே இருக்காங்க.

இனிமேல் மருந்து டப்பாவைத் தொடுறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுங்க. சாகப்போறது எதிரியா, நண்பனா என்று முதலில் பார்த்துக்கொள்ளலாம்!