பறந்து வந்து கூடும் வார இறுதி

கோடைக்காலச் சனிக்கிழமைகளில் அமெரிக்காவின் சிற்றூர் விமானத் திடல்கள் சிலவற்றில் விடிந்ததுமே பான்கேக் வாசனை கிளம்பிவிடும். தட்டோடு வரிசையில் நிற்பவர்களில் உள்ளூர்க்காரர்களும் உண்டு, இரண்டு மூன்று மாவட்டம் தாண்டிச் சொந்த விமானத்தில் வந்து இறங்கியவர்களும் உண்டு. இப்படிக் கூடுவதற்கு ‘ஃப்ளை-இன்’ என்று பெயர். ‘நூறு டாலர் பர்கர்’ என்பது இந்த விமானிகளின் பழைய கேலி. பர்கர் சில டாலர்தான்; மிச்சம் அதைத் தின்னப் பறந்து வந்த பெட்ரோல் செலவு.

இந்தப் பழக்கத்துக்குப் பெரிய பெயர் வாங்கித் தந்த ஊர் விஸ்கான்சின் மாநிலத்தின் ஆஷ்காஷ். வீட்டுக் கொட்டகையில் தாங்களே விமானம் கட்டியவர்களைச் சேர்த்து, பால் போபரெஸ்னி 1953இல் மில்வாக்கியில் ஒரு சங்கம் தொடங்கினார். அதே ஆண்டு முதல் கூடல் சிறிய அளவில் நடந்தது. 1959இல் ராக்ஃபோர்டுக்குப் போய், 1970இல் ஆஷ்காஷுக்கு வந்து சேர்ந்தது. இப்போது ஜூலைக் கடைசியில் அந்த வட்டாரத்தில் பத்தாயிரம் விமானங்கள் வரை இறங்குகின்றன.

அத்தனையும் மோதிக்கொள்ளாமல் இறங்குவதுதான் வேடிக்கை. ரிப்பன் என்ற ஊரிலிருந்து ஃபிஸ்க் வரை, கீழே தெரியும் ரயில் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு ஒற்றை வரிசையில் வர வேண்டும். கடல்மட்டத்திலிருந்து 1,800 அடி உயரம், 90 நாட் வேகம், அரை மைல் இடைவெளி. ஃபிஸ்கில் தரையில் நிற்கும் கட்டுப்பாட்டாளர்கள் நிறத்தையும் வடிவத்தையும் சொல்லித்தான் விமானத்தை அழைப்பார்கள். விமானி வாய் திறக்கக் கூடாது. இறக்கையை ஆட்டினால் போதும், புரிந்தது என்று பொருள். ஓடுபாதையில் வண்ணப் புள்ளிகள் பெரிதாக வரைந்திருக்கும். ஒருவர் பச்சையில் இறங்கும்போது இன்னொருவர் அதே பாதையில் ஆரஞ்சில் இறங்குவார்.

சிற்றூர்க் கூடலுக்கு இந்த வசதி ஏது? பெரும்பாலான சிறு திடல்களில் கட்டுப்பாட்டுக் கோபுரமே இல்லை. ஒரு பொது அலைவரிசையில் ஒவ்வொருவரும் தான் இருக்கும் இடத்தைச் சொல்லிக்கொண்டு, வழக்கமாக இடப்பக்கமே வட்டமிட்டு இறங்குவார்கள். இதில் ஒரு சிக்கல். கூட்டமே ஆசையாகப் பார்க்க வரும் மஞ்சள் நிறப் பைப்பர் கப் விமானத்தில், தயாரித்தபோது பேட்டரியும் கிடையாது, ஸ்டார்ட்டரும் கிடையாது. விசிறியைக் கையால் சுழற்றித்தான் கிளப்ப வேண்டும். வானொலி இல்லாமலே பறக்கும் கப்கள் இன்றும் உண்டு. ஆகவே காதை நம்பாமல் கண்ணை நம்பும் ஏற்பாடு வேண்டும்: எந்தத் திசையிலிருந்து, எந்த உயரத்தில் வருவது என்பதை முன்கூட்டியே எழுதி அனுப்பிவிடுவது நல்லது.

தரையில் தலைவலி இன்னும் அதிகம். சுழலும் விசிறி கண்ணுக்குத் தெரியாது. குழந்தைகளுக்கு அது புரியாது. கயிறு கட்டி, ஆள் நிறுத்தி, பார்வையாளர் பக்கத்தைப் பிரிக்காத அமைப்பாளரை நம்பிக் குடும்பத்தோடு போகக் கூடாது. நிற்கும் விமானங்களையும் கட்டிவைக்க வேண்டும். 2011இல் ஃப்ளோரிடாவின் லேக்லாண்டில் நடந்த ‘சன் அண்ட் ஃபன்’ கூடலைச் சூறாவளி தாக்கியபோது, நிறுத்தியிருந்த விமானங்கள் பல புரண்டு நொறுங்கின.

காலை நேரத்தைத் தேர்ந்தெடுப்பதற்கும் காரணம் உண்டு. வெயில் ஏறினால் காற்றின் அடர்த்தி குறையும். இறக்கை தூக்கும் விசையும் இன்ஜினின் வலுவும் குறையும். நான்கு பேரும் நிறை பெட்ரோலுமாக வந்த விமானத்துக்கு, காலையில் போதுமாக இருந்த புல்தரை பிற்பகலில் போதாமல் போகலாம்.

ஆனால் கூடலின் உண்மையான சோதனை, எல்லோரும் வீடு திரும்ப வேண்டிய ஞாயிற்றுக்கிழமைதான். கண்ணால் பார்த்துப் பறக்க மட்டும் உரிமம் உள்ளவர் மேகத்துக்குள் நுழையக் கூடாது. திங்களன்று வேலைக்குப் போயாக வேண்டுமே என்ற அவசரத்தில் மேகத்துக்கடியில் நுழைந்து உயிர்விட்டவர்கள் இருக்கிறார்கள். அதனால் விவரம் தெரிந்த அமைப்பாளர் விடுதி அறைகளுக்கும் முன்பே சொல்லிவைக்கிறார். பல சிறு திடல்களில் வந்திறங்கும் விமானிகளுக்கென ஒரு பழைய கார் நிற்கும்; காவல்துறை ஓட்டித் தேய்த்துக் கழித்துவிட்டதாகவும் இருக்கும். வாடகை இல்லை, திருப்பித் தரும்போது பெட்ரோல் போட்டுத் தந்தால் சரி. மழை பிடித்துக்கொண்ட ஞாயிறு மாலையில் விடுதிக்குப் போக அந்தக் கார்தான் கதி.