ஸ்பேனர் பிடித்த பாட்டிமார்!
ரிப்பேருக்கு ஆள் தேடாத ராஜஸ்தான் கிராமம்

ராஜஸ்தானில் அஜ்மீர் - புலேரா ரெயில் பாதையில் உள்ள சிறிய ஊர் திலோனியா. சுற்றிலும் வறண்ட பூமி. ஆனால் இந்த ஊரின் பெயர் ஆப்பிரிக்கா வரை தெரியும்.

அதற்குக் காரணம், அங்குள்ள ஒரு தொண்டு நிறுவனம். டெல்லியில் கல்லூரிப் படிப்பை முடித்த பங்க்கர் ராய் என்பவர் 1972-ல் இதைத் தொடங்கினார். பழைய காசநோய் ஆஸ்பத்திரிக் கட்டிடம்தான் அலுவலகம். "வெறுங்கால் கல்லூரி" என்று பின்னாளில் பெயர் பெற்றது.

முதலில் படித்த நகரத்து இளைஞர்கள் வேலைக்கு வந்தார்கள். அவர்களில் பலர் சில காலத்தில் திரும்பிப் போய்விட்டார்கள். ஆள் போனால் அந்த வேலையும் நின்றது. "இங்கேயே பிறந்து இங்கேயே இருப்பவர்களுக்குக் கற்றுக் கொடுத்தால் என்ன?" என்ற கேள்வி பிறந்தது.

ஒரு வாஷருக்காக...

ஒரு சோதனை அடிபம்பில் நடந்தது.

கிராமங்களில் நாம் பார்க்கும் "இந்தியா மார்க்-2" அடிபம்பு 1970-களில் யுனிசெப் உதவியோடு உருவானது. சென்னையில் தயாராகி, கோவை வட்டாரத்தில் சோதித்துப் பார்க்கப்பட்ட பம்பு அது. உறுதியானதுதான். ஆனாலும் உள்ளே இருக்கும் வாஷர் தேயும். தேய்ந்தால் தண்ணீர் ஏறாது.

வாஷர் சின்னது. அதை மாற்ற, பூமிக்குள் இறங்கிய குழாய்களை ஒவ்வொன்றாக மேலே தூக்க வேண்டும். இதற்கு வெளியூரிலிருந்து மெக்கானிக் கோஷ்டி வரவேண்டும். அவர்கள் வரும்வரை குடத்தைத் தூக்கிக்கொண்டு பெண்கள் நடக்க வேண்டியதுதான்.

திலோனியாவில் கிராமத்து இளைஞர்களுக்கே இந்த வேலையைக் கற்றுக் கொடுத்தார்கள். பிறகு பெண்களும் ஸ்பேனர் பிடித்தார்கள். "படிக்காதவர்கள் கையில் பம்பைக் கொடுப்பதா?" என்று தயங்கியவர்கள் உண்டு. பம்பில் தண்ணீர் வந்தது, தயக்கம் போனது.

நிறமே எழுத்து

அடுத்து வந்தது சூரிய மின்சாரம். 1980-களின் இறுதியில் திலோனியா வளாகமே சூரிய ஒளியில் இயங்கத் தொடங்கியது. அதைப் பராமரித்தவர்கள் பட்டம் பெற்ற எஞ்சினீயர்கள் அல்ல. உள்ளூர்க்காரர்கள்!

பின்னர் ஆப்கானிஸ்தான், சியரா லியோன், காம்பியா போன்ற நாடுகளிலிருந்தும் பெண்கள் பயிற்சிக்கு வந்தார்கள். பலர் பாட்டிமார். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர்கள்.

ஏன் பாட்டிமார்? பங்க்கர் ராய் சொன்ன காரணம் எளிது. இளைஞன் கையில் சர்டிபிகேட் கிடைத்தால், வேலை தேடிப் பட்டணம் போய்விடுவான். பாட்டி ஊரை விட்டுப் போகமாட்டாள். பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்தவர்களுக்கு இது சுருக்கென்று தைக்கும். ஆனால் உண்மை.

பயிற்சி 6 மாதம். ஒருவர் பேசும் மொழி மற்றவருக்குப் புரியாது. சைகையும் நிறமும்தான் பாடம். எந்த நிறக் கோடு போட்ட பாகம் எங்கே உட்கார வேண்டும் என்று பார்த்துப் பார்த்து மனதில் பதித்துக்கொண்டார்கள். சாலிடரிங் வைத்தார்கள். விளக்கு எரியாவிட்டால் பிரித்து மறுபடியும் சேர்த்தார்கள்.

பரீட்சை கிடையாது. பத்து முறை பிரித்துப் பூட்டிய கைக்குப் பதினோராவது முறை நடுக்கம் இருக்காது. அதுதான் தேர்ச்சி.

ஊர் திரும்பியதும் அங்கே ஒரு சிறு பட்டறை வைக்கப்படும். மண்ணெண்ணெய்க்குச் செலவழித்த பணத்தைப்போல ஒரு தொகையை மாதந்தோறும் வீட்டுக்காரர்கள் கொடுப்பார்கள். பாட்டியின் சம்பளமும் உதிரிப் பாகச் செலவும் அதில் நடக்கும்.

சங்கங்களுக்கு ஒரு பாடம்

பம்பாயானாலும் பெங்களூரானாலும், தமிழ்ச் சங்கம், கோவில் கமிட்டி, இலவசப் படிப்பகம் நடத்துகிறவர்கள் திலோனியாவை நினைத்துப் பார்க்கலாம்.

இன்று பல சங்கங்களில் கம்ப்யூட்டர் உண்டு. உறுப்பினர் பட்டியல், சந்தாக் கணக்கு, நன்கொடை ரசீது எல்லாம் அதற்குள். பாஸ்வேர்டு மட்டும் ஒரே ஒருவருக்குத் தெரியும். அவருக்கு மாற்றல் உத்தரவு வந்தால்? சங்கத்தின் சாவியையே அவர் எடுத்துக்கொண்டு போன மாதிரிதான்.

இதைத் தடுக்கப் பெரிய படிப்பு வேண்டாம். ஒவ்வொரு வேலையும் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும். செய்முறையை ஒரு நோட்டில் தமிழில் எழுதி வைக்க வேண்டும். பாஸ்வேர்டு எழுதிய உறை தலைவரின் பூட்டிய பெட்டியில் இருக்கட்டும். கணக்குக்கு ஒரு நகல் எடுத்து வேறு இடத்தில் வைக்க வேண்டும். மாதம் ஒரு முறை அந்த நகல் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். ரிப்பேருக்கென்று சந்தாவில் சிறு தொகை ஒதுக்க வேண்டும்.

மெக்கானிக் வந்தால் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடக் கூடாது. பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். "ஏன் இப்படி ஆச்சு?" என்று கேட்க வேண்டும். எதில் கை வைக்கலாம், எதில் வைக்கக் கூடாது என்பதும் அப்போதுதான் விளங்கும். கரண்டு சமாச்சாரத்தில் வீண் தைரியம் ஆகாது.

எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி 6 மாதத்தில் விளக்கேற்றக் கற்றாள். பத்தாவது படித்த குமாஸ்தாவுக்குக் கம்ப்யூட்டரிடம் என்ன பயம்? அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் அந்த இரண்டாவது ஆள் யார் என்பதை முடிவு செய்யலாமே!