ஐந்தாண்டில் ஒரு நிமிடம்

வேலைக்குப் போகும் பெண்ணிடம் வீட்டையும் வேலையையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்கிறோம். ஆணிடம் யாரும் கேட்பதில்லை. ஏன் என்பதற்கு விடை எண்களில் இருக்கிறது.

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் ஆறு வயதும் அதற்கு மேலும் ஆன 4,47,250 பேரின் ஒரு நாளை, அதிகாலை 4 மணி தொடங்கி மறுநாள் 4 மணி வரை, அரைமணி அரைமணியாகக் குறித்துக்கொண்டது. சமையல், துவைப்பு, துப்புரவு போன்ற கூலியில்லா வீட்டு வேலை செய்த பெண்கள் சராசரியாக 299 நிமிடம் செய்தார்கள்; ஆண்கள் 97. ‘செய்த’ என்ற சொல்தான் முக்கியம். அன்று வீட்டு வேலையில் கைவைத்த பெண்கள் நூற்றுக்கு 81, ஆண்கள் 26. செய்யாதவர்களையும் சேர்த்து வகுத்தால் பெண்ணுக்கு 243 நிமிடம், ஆணுக்கு 25. ஏறக்குறையப் பத்து மடங்கு.

2024இல் இதே கணக்கை மறுபடி எடுத்தார்கள். வீட்டு வேலை செய்தவர்களில் பெண்ணுக்கு 289, ஆணுக்கு 88. பத்து நிமிடம் குறைந்ததே என்று மகிழ முடியவில்லை. ஆணும் ஒன்பது நிமிடம் குறைத்துக்கொண்டார். இடைவெளி 202இலிருந்து 201 ஆயிற்று. ஐந்தாண்டில் ஒரு நிமிடம்! இதே வேகத்தில் போனால் இருவரும் சமமாக ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஆகும்.

பிள்ளைகளையும் முதியவர்களையும் பார்த்துக்கொள்வது தனிக்கணக்கு: பெண் 137 நிமிடம், ஆண் 75.

289 நிமிடம் என்பது ஆண்டுக்கு 1,758 மணி நேரம். எட்டு மணி நேர வேலைநாளாக்கினால் 220 நாள். தமிழக அரசு 2023 செப்டம்பர் 15இல் தரத் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய். தேசியச் சராசரி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 6 ரூபாய் 83 காசு. உதவி என்று சொல்லாமல் உரிமை என்று பெயர் வைத்ததை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் பணம் கைமாறினாலும் நேரம் கைமாறவில்லை.

சட்டமும் அப்படித்தான். பேறுகால நலச் சட்டத்தின் 2017 திருத்தம் பேறுகால விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 ஆக்கியது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. தந்தைக்கு அதில் ஒரு நாள்கூட இல்லை. குழந்தை தாயின் பொறுப்பு என்று சட்டமே எழுதிவைத்தது போலாயிற்று.

15 முதல் 59 வயதுக்குள் 2024இல் சம்பாத்தியத்துக்கான வேலையில் இருந்த ஆண்கள் நூற்றுக்கு 75, பெண்கள் 25. பெண்கள் ஏன் வேலைக்கு வருவதில்லை என்று அலசும் முன் அந்த 88 நிமிடத்தைப் பாருங்கள். மாற வேண்டியது அந்த எண்.

நாளை அதிகாலை 4 மணியிலிருந்து உங்கள் வீட்டுக் கணக்கையும் அரைமணி அரைமணியாக எழுதுங்கள். பேனா வீட்டு ஆண்கள் கையில் இருக்கட்டும்.