கட்டைக்கு ஒருவர், தோலுக்கு ஒருவர்

1956-ல் தொடங்கிய பழுப்பு நிலக்கரி நிறுவனத்தால் ஊர் அறிந்தது நெய்வேலி. நகரியத்தைத் தாண்டிப் பண்ருட்டிப் பக்கம் போனால் செம்மண்ணில் பலாவும் முந்திரியும். பழத்துக்குப் பேர்போன இந்தப் பலாவின் முதிர்ந்த மரம் மிருதங்கக் கட்டையாகும், தஞ்சாவூர் வீணையுமாகும்.

கட்டையைக் குடைந்து கடைபவரே அதற்குத் தோல் பூட்டுவதில்லை. அது வேறு பட்டறை, வேறு கை. மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும் சேர்த்து மூட்டு செய்து, எருமைத்தோல் வார் இழுத்து, வலப்பக்க முகமான வலந்தலையின் நடுவே சாதம் எனப்படும் கறுப்புப் பசையைப் பூசிப் பூசித் தேய்த்துச் சுருதிக்குக் கொண்டுவருவது அங்கேதான். சாதம் உதிர்ந்தால் அங்கேயே சரியாகிவிடும். கட்டையே வெடித்தால் கடைசல்காரரைத்தான் தேட வேண்டும்.

வீணையில் இது இன்னும் நுட்பம். 24 மெட்டுகளும் மெழுகுப் படுகையில் நிற்கின்றன. நாளாக ஆக மெழுகு இளகி மெட்டு நகரும், சுரம் பிசகும். மெட்டுகளை மீண்டும் சுரத்தில் நிறுத்தி மேளம் கட்ட உளியைவிடக் காதுதான் முக்கியம். குடம் குடைந்த ஆசாரிக்கு அந்தக் காது இருந்தே தீர வேண்டும் என்பதில்லை.

பியானோவிலும் இதே கதைதான், எடைதான் அதிகம். 88 கட்டைகள், ஏறக்குறைய 230 தந்திகள். அவை இழுக்கும் இழுப்பு மொத்தம் 18 டன்னைத் தொடும். வீட்டுக்கு வந்து சுருதி சேர்ப்பவர் சுத்தியல் கம்பளியைச் சீவுவார், கட்டைகளைச் சமன் செய்வார். ஒலிப்பலகை விரிசல் விட்டாலோ, முறுக்காணிகளைப் பிடிக்கும் பலகை தளர்ந்துவிட்டாலோ, மறுகட்டுமானப் பட்டறைக்கு அனுப்பிவிடுவதே யோக்கியம். மேலைநாடுகளில் கனத்த தந்திக்குச் செம்புக் கம்பி சுற்றித் தருவதையே தொழிலாகக் கொண்டவர்கள் உண்டு. சென்னையில் 1842-ல் மிஸ்க்வித் கம்பெனியாகத் தொடங்கிய மியூசி மியூசிக்கல் போன்ற பழைய கடைகள் இருந்தும், நம் பக்கம் அத்தனை பிரிவு வளரவில்லை.

‘என்னால் ஆகாது, அவரிடம் போங்க’ என்பதைக் கையாலாகாத்தனமாக நினைக்கும் வாடிக்கையாளர்கள்தான் அரைகுறை வேலைக்குக் காசு கொடுக்கிறார்கள்.

இப்படி வேலை கைமாறும்போது செய்தவர் பெயர் தொலைவது வேறு சங்கடம். மிருதங்கம் செய்தவர்களைப் பற்றி பாடகர் டி.எம். கிருஷ்ணா 2020-ல் தனிப் புத்தகமே எழுத வேண்டியிருந்தது. நாதம் சரியில்லை என்றால் மட்டும் கட்டையா, தோலா என்ற விசாரணை உடனே தொடங்கிவிடும்.